இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு நல்ல பாட்டில்: வாசகர் கேள்வி–பதில்

(பெங்களூரு ஓட்டல்களில் ஒயின் பரிமாறும் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது காட்பாடியில் ஓட்டல் நிர்வாகம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர் இந்த இதழின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். இந்தப் பகுதி 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்.)

மேடம், வருகிற தை மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம் நிறைகிறது. நானும் என் மனைவியும் எப்போதாவது கொஞ்சம் ஒயின் சாப்பிடுவோம். இந்த முறை 2,000 ரூபாய் வரை போட்டு விசேஷமாக ஒன்று வாங்க ஆசை. கடையில் கேட்டால், "ஃபாரின் வாங்குங்க சார், அதுதான் கெத்து" என்கிறார்கள். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், குடியாத்தம்

உங்கள் இருவருக்கும் என் வாழ்த்துகள். கடைக்காரர் பேச்சை இந்த விலையில் கேட்காதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

வெளிநாட்டு ஒயினுக்கு நம் நாட்டில் வெகுகாலமாக 150 சதவீதம் சுங்கவரி. 400 ரூபாய்க்கு வந்து இறங்கும் பாட்டில், துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போதே 1,000 ரூபாய் ஆகிவிடும். அதற்கு மேல் இறக்குமதி செய்பவர் லாபம், மாநில வரி, கடைச் செலவு எல்லாம் ஏறும். உங்கள் கைக்கு 2,000 ரூபாய்க்கு வருவது, அந்த ஊர்க்காரர் சாதாரண நாளில் ராத்திரிச் சாப்பாட்டோடு திறக்கிற ஒயின். குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் 25-ஆவது கல்யாண நாளுக்கு அது போதாது. ஒப்பந்தம் போட்ட நாடுகளுக்கு இப்போது வரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள். ஆஸ்திரேலிய ஒயினுக்கு 2022 டிசம்பர் 29 முதல் குறைந்தது: பாட்டிலின் இறக்குமதி விலை 5 அமெரிக்க டாலருக்கு மேல் என்றால் 100 சதவீதம், 15 டாலருக்கு மேல் என்றால் 75 என்று தொடங்கி, பத்து வருஷத்தில் 50, 25 என்று இறங்க வேண்டும். வீட்டில் ஃபாரின்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அந்த நாட்டுப் பாட்டிலைப் பாருங்கள்.

இதே 2,000 ரூபாயை இந்திய ஒயினில் போட்டுப் பாருங்கள். ஒரு தோட்டக்காரர் தன் பெயருக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்யும் பாட்டிலே கிடைக்கும். மலிவு ஒயினுக்கும் நல்ல ஒயினுக்கும் பாட்டில், மூடி, லேபிள், லாரி வாடகை எல்லாம் ஏறக்குறைய ஒரே செலவுதான். அதனால் மலிவான பாட்டிலில் திராட்சைக்கென்று மிஞ்சும் காசு ரொம்பக் குறைவு. கொஞ்சம் மேலே போனால், கூடுதலாகக் கொடுக்கும் பணம் உள்ளே இருப்பதற்குப் போகிறது. கொடியில் குலைகளைக் குறைத்து மிச்சக் குலைகளை நன்றாகப் பழுக்க விடுவார்கள், கையால் பறித்துப் பொறுக்குவார்கள், ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைப்பார்கள். ஒரு பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். அதிலிருந்து 300 பாட்டில்தான் வரும். பீப்பாயின் விலையை அந்த 300 பாட்டில்தான் சுமக்க வேண்டும். இதற்கும் மேலே ஏறிக்கொண்டே போனால் நீங்கள் பெயருக்குத்தான் காசு கொடுப்பீர்கள். ஆகவே நடுவிலைதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சரியான இடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரெட் ஒயின் என்றால் மூன்று பெயர் சொல்கிறேன். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பக்கம் 1988-ல் தொடங்கிய குரோவர் தோட்டத்தின் லா ரிசர்வ். கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சை வகைகள் கலந்தது, பிரான்சில் ஒயினுக்குப் பேர்போன போர்தோவைச் சேர்ந்த மிஷேல் ரோலான் ஆலோசகராக இருந்த தோட்டம். நாசிக்கில் சூலாவின் திண்டோரி ரிசர்வ் ஷிராஸ். சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃப்ரடெல்லியின் செட்டே. விலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் உங்கள் கணக்குக்குள் எது வருகிறது என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முதல் ஓட்டு லா ரிசர்வுக்கு.

ஆனால், உங்கள் மனைவிக்கு எது பிடிக்கும் என்று நீங்கள் எழுதவே இல்லையே! இது இரண்டு பேரின் விசேஷம். ரெட் ஒயினின் துவர்ப்பு பிடிக்காதவர்கள் நம் பக்கம் நிறைய. அவரும் அப்படி என்றால் ரெட்டை விட்டுவிட்டு நுரைக்கும் ஒயின் வாங்குங்கள். சூலா ப்ரூட் இருக்கிறது. 2013-ல் நாசிக்கில் தொடங்கிய ஷாந்தோன் இருக்கிறது. இரண்டுமே ஷாம்பெயின் செய்கிற முறையில், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்க வைத்துச் செய்தவை. பிரான்சிலிருந்து வரும் ஷாம்பெயின் உங்கள் 2,000 ரூபாய்க்குள் வரவே வராது. அதே உழைப்பு போட்ட இந்தியப் பாட்டில் வரும். மூடியைத் திறக்கிற நிமிஷமே வீட்டில் ஒரு கொண்டாட்டக் களை வந்துவிடும்.

வாங்கும்போது எலைட் கடைக்குப் போங்கள். அங்கேதான் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் படிக்கலாம். அறுவடை ஆண்டைப் பாருங்கள். இந்தியாவில் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிடும். ஒயிட், ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) என்றால் கிடைப்பதிலேயே புது ஆண்டாக எடுங்கள். பீப்பாயில் வைத்த ரெட் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தால் நல்லதே. நுரைக்கும் ஒயினில் பல நேரம் ஆண்டு போட்டிருக்காது, அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். வெளிச்சமும் சூடும் படுகிற முன்வரிசைப் பாட்டிலைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பதை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாங்கியதும் நேராக வீட்டுக்குப் போங்கள். வண்டி டிக்கியில் வைத்துவிட்டு வேலூரில் துணிக்கடை ஏறி இறங்கினால், அத்தனை பேர் உழைப்பும் அங்கேயே வெந்துவிடும்.

ரெட்டை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அது குளிர்நாட்டு வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. குடியாத்தத்தில் தை மாத ராத்திரியில்கூட வீட்டுக்குள் அதைவிடச் சூடுதான். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திறங்கள். நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 8 டிகிரி வேண்டும். ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கை கல்லுப்பு போட்டுக் கழுத்துவரை முக்கி வையுங்கள். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் சீக்கிரம் குளிர வைக்கும், ஏனென்றால் அது பாட்டிலை முழுக்கத் தொட்டுக்கொண்டு இருக்கும்.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இத்தாலியிலிருந்து எங்கள் பையர் வருகிறார். கிளம்பும்போது ஒரு பாட்டில் கொடுக்க நினைக்கிறேன். எங்கள் முதலாளிக்குக் குடிப் பழக்கம் கிடையாது, விருந்திலும் மது இருக்காது. இத்தாலிய ஒயினே கொடுத்தால் சந்தோஷப்படுவாரா?
– பெயர் வேண்டாம், ஆம்பூர்

முதலில் முதலாளியிடம் சொல்லுங்கள். கம்பெனி சார்பில் மது போவது அவருக்குச் சம்மதமில்லை என்றால் அந்த எண்ணத்தையே விட்டுவிட்டு, ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி நன்றாகக் கட்டிக் கொடுங்கள். அதுவும் முழு மரியாதைதான்.

அவர் சரி என்றால், இத்தாலிய ஒயின் மட்டும் வேண்டாம். உங்கள் பையர் அதைத் தன் தெருக்கோடிக் கடையில் மிகக் குறைந்த விலைக்கு வாங்குவார். விலை வித்தியாசம் அவர் கண்ணுக்கு உடனே தெரியும். அவர் ருசித்தே இராத ஒன்றைக் கொடுங்கள். மேலே சொன்ன செட்டே இந்தச் சமயத்துக்குப் பொருத்தமானது. இத்தாலியின் டஸ்கனியில் பேர்பெற்ற சாஞ்சோவேசே திராட்சையை மகாராஷ்டிரத்தின் அக்லூஜ் மண்ணில் வளர்த்து, கேபர்னேயோடு கலந்து செய்கிறார்கள். அந்த ஒயினுக்கு வடிவம் கொடுத்தவர் பியேரோ மாசி என்ற டஸ்கனிக்காரர். தன் ஊர்த் திராட்சை நம் வெயிலில் எப்படி ஆகியிருக்கிறது என்று பார்க்க எந்த இத்தாலியருக்கும் ஆர்வம் வரும்.

பேச்சுக்கு இன்னொரு விஷயமும் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டது பழைய வழக்கம். அந்தப் பட்டையில் இருக்கும் டானின், தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. அதனால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் இருப்பதும் டானின் வகைதான். ரெட் ஒயின் வாயில் பட்டதும் அது எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, நாக்கு வறண்டு துவர்க்கிறது. கூடவே கறியோ பாலாடைக்கட்டியோ சாப்பிட்டால் டானின் அந்தப் புரதத்தோடு சேர்ந்துகொள்ளும், துவர்ப்பு அடங்கிவிடும். ரெட் ஒயினோடு இறைச்சி சாப்பிடும் வழக்கத்துக்கு இது முக்கியமான காரணம். வகுப்பில் நான் டானினை விளக்க அரை மணி எடுத்துக்கொள்வேன். ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே வரியில் புரிந்துவிடும்.

விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். அதனால் அவர் பெரிய பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே, துணியில் நன்றாகச் சுற்றிக் கொடுத்துவிடுங்கள்.

மட்டன் என்றால் ரெட் ஒயின் என்கிறீர்கள். அப்படியானால் எங்கள் ஊர் பிரியாணிக்கும் ரெட்தானே?
– ஒரு வாசகர், வாணியம்பாடி

இல்லை. அந்த விதி மிளகாய் போடாமல் சுட்ட கறிக்கு ஏற்பட்டது. நம் பிரியாணியில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போடுகிறோம். மிளகாயின் எரிச்சலை மதுவின் சூடு இன்னும் ஏற்றிவிடும். டானினும் சேர்ந்தால் வாய் ரணமாகும். 14 சதவீதம் மது உள்ள ரெட்டை பிரியாணியோடு வைத்துவிட்டு, "ஒயின் நமக்கு ஒத்து வராது" என்று பலர் முடிவுகட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஒயினில் தப்பில்லை, பிரியாணியில் சுத்தமாகத் தப்பில்லை. சேர்த்த சேர்க்கைதான் சரியில்லை.

தட்டில் பிரியாணி மட்டுமா இருக்கிறது? எண்ணெய்க் கத்திரிக்காய் இருக்கிறது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதில் புளி இருக்கிறது, தயிர்ப் பச்சடியிலும் புளிப்பு இருக்கிறது. புளிப்பான சாப்பாட்டுக்குப் பக்கத்தில் புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஆக நமக்கு வேண்டியது: நல்ல புளிப்பு, லேசான இனிப்பு, குறைந்த மது, நல்ல குளிர்ச்சி. ஷெனின் பிளாங்க் என்ற ஒயிட் திராட்சையில் இந்த நாலும் கிடைக்கும். சூலா ஷெனின் பிளாங்க் லேசான இனிப்போடு வருவது, விலையும் நடுவிலைக்குக் கீழேதான். 8 முதல் 10 டிகிரிக்குக் குளிர வைத்து, பிரியாணியில் இரண்டு வாய்க்கு ஒரு மடக்கு என்று சாப்பிட்டுப் பாருங்கள். நிறம் வேண்டும் என்றால் ரோஸே.

ரெட் பிரியர்களுக்கு நம் ஊரில் வேறு தட்டு இருக்கிறது: மட்டன் மிளகு வறுவல், மிளகாய்த்தூள் போடாதது. ஷிராஸ் ஒயினில் மிளகு வாசனை வரும் என்பார்கள். அது வெறும் வர்ணனை கிடையாது. மிளகுக்கு வாசனை தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸ் திராட்சையிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். வீட்டில் மிளகு வறுக்கும் நாளில் திண்டோரி ரிசர்வைத் திறந்து மூக்கை வைத்துப் பாருங்கள், புரியும்.

மக்கன் பேடாவோடு எந்த ஒயினும் வேண்டாம். இனிப்போடு சாப்பிடும் ஒயின் அந்த இனிப்பைவிட இனிப்பாக இருக்க வேண்டும். பாகில் ஊறிய பேடாவை இனிப்பில் ஜெயிக்கும் ஒயினை நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்கு டிகிரி காபி போதும்.

வெளிநாட்டில் படிக்கும் என் மகள், "அம்மா, இப்போ எல்லாரும் ஆரஞ்சு ஒயின்தான்" என்கிறாள். ஆரஞ்சுப் பழத்தில் செய்வதா? ஒயின் உலகில் இப்போது என்னதான் நடக்கிறது?
– ஒரு வாசகி, காட்பாடி

ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒயிட் ஒயின் செய்யும்போது திராட்சையைப் பிழிந்ததும் தோலை எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் தோலோடு சேர்த்தே நொதிக்க விட்டால் பொன்னிறமோ, காவி கலந்த நிறமோ வரும், கொஞ்சம் துவர்ப்பும் சேரும். அவ்வளவுதான் ஆரஞ்சு ஒயின். இன்றைக்குப் புதிது போலப் பேசினாலும் இது மிகப் பழைய முறை. ஜார்ஜியா நாட்டில் க்வெவ்ரி என்ற பெரிய மண் தாழியைக் கழுத்துவரை பூமியில் புதைத்து, அதில் திராட்சையைத் தோலோடு போட்டு மூடிவிடுவார்கள். யுனெஸ்கோ 2013-ல் இந்த முறையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகள் ஊருக்கு வரும்போது ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள். எண்ணெய்க் கத்திரிக்காயோடு பிரமாதமாகப் போகும் என்பது என் கணிப்பு.

பெரிய மாற்றம் வேறொன்று: உலகம் ஒயின் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு வருகிறது. சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பின் கணக்குப்படி 2024-ல் உலகம் முழுக்கக் குடித்தது சுமார் 2,140 கோடி லிட்டர். 1961-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்தது இல்லை. விலை ஏற்றம் ஒரு காரணம், உடல்நலக் கவலை ஒரு காரணம், இளைஞர்கள் பழக்கம் மாறியது இன்னொன்று. குடிக்கிறவர்களும் கனமான ரெட்டிலிருந்து ஒயிட், ரோஸே, நுரைக்கும் ஒயின் பக்கம் சாய்கிறார்கள். ரெட் என்றாலும் லேசானது, அதையும் குளிர வைத்து. மது குறைந்த ஒயின், மதுவையே நீக்கிய ஒயின் எல்லாம் கடைக்கு வந்துவிட்டன. இந்தியாவில் கேனிலும் ஒயின் வருகிறது: ஃப்ரடெல்லியின் டில்ட், சூலாவின் தியா.

எனக்கு இதில் சந்தோஷம்தான். அளவைக் குறைத்து, குளிர்ச்சியாக, சாப்பாட்டோடு, லேசானதைக் குடி என்று உலகம் இப்போது சொல்வது கத்திரி வெயில் கொளுத்தும் வேலூருக்கு எப்போதோ பொருந்தியிருக்க வேண்டியது. சிறப்பு பாட்டில் என்றாலே கறுத்துத் தடித்த ரெட் என்று நினைக்கும் பழக்கத்தை நாமும் விடலாம். 1,200 ரூபாய்க்கு சாவிஞோன் பிளாங்க் என்ற ஒயிட் ஒயின் நல்லதாக ஒன்று, மே மாதத்தில் 3,000 ரூபாய் ரெட்டைவிட அதிக இன்பம் தரும்.

நாலு வருஷத்துக்கு முன் நண்பர் கொடுத்த ஒயிட் ஒயின் ஒன்று பீரோ மேல் இருக்கிறது. பழசானால் மதிப்பு கூடுமாமே, இன்னும் வைக்கலாமா?
– ஒரு வாசகர், சத்துவாச்சாரி

வைக்காதீர்கள். உலகத்தில் தயாராகும் ஒயினில் பெரும் பகுதி சில வருஷத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்வது. வருஷக்கணக்கில் தாங்கும் சில ஒயின்களுக்கும் 12, 13 டிகிரியில் ஆடாத அசையாத இருட்டறை வேண்டும். பீரோ மேல் என்பது வீட்டிலேயே சூடான இடம். கூரையின் அனலெல்லாம் அங்கேதான் இறங்கும். நாலு கோடையைப் பார்த்துவிட்டது அந்தப் பாட்டில். இன்றைக்கே குளிர வைத்துத் திறங்கள். கார்க் மேலே தள்ளியிருந்தாலோ, ஒழுகிய பிசுபிசுப்பு இருந்தாலோ சூடு பட்டது என்று அர்த்தம். நிறம் பழுப்பாகி, வெட்டிவைத்த ஆப்பிள் போல மணந்தால் காற்றும் சூடும் அதைத் தின்றுவிட்டன. குடித்தால் ஆபத்து ஒன்றும் இல்லை, சந்தோஷம் இருக்காது. அடுத்த முறை கிடைத்தால் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள், மூன்று மாதத்துக்குள் ஒரு நல்ல நாளைப் பாருங்கள். ஃபிரிட்ஜில் இடமில்லை என்றால் தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத மூலை.

தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

இதற்காக ஒருநாளும் தொடங்காதீர்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. திராட்சைத் தோலில் இருக்கும் நல்ல சத்து வேண்டும் என்றால் கம்பம் பன்னீர் திராட்சையைத் தோலோடு சாப்பிடுங்கள். மருந்து எடுப்பவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு மடக்கும் வேண்டாம். ஒயின் ருசிக்காகவும் கூட உட்கார்ந்திருப்பவருக்காகவும் எப்போதாவது குடிப்பது. அதை மருந்து என்று சொல்லி விற்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

பெங்களூரில் நல்ல ஒயின் நிறையக் கிடைக்கிறது. ரயிலில் காட்பாடிக்கு நாலைந்து பாட்டில் கொண்டுவரலாமா? இல்லை, டிசம்பருக்கு வீட்டிலேயே போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, வாலாஜாப்பேட்டை

இரண்டும் வேண்டாம். மாநில எல்லை தாண்டி மது கொண்டுவரச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிறது என்பதால் அது மாறிவிடாது. பெங்களூரு போனால் நந்தி மலைப் பக்கம் தோட்டத்துக்கே ஒருநாள் போய்வாருங்கள். அறுவடைக் காலத்தில் போனால் அதையும் பார்க்கலாம். அங்கேயே சுற்றிக்காட்டி, சிறு கோப்பைகளில் நாலைந்து வகை ருசிக்கத் தருவார்கள். எது பிடிக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து, அதே பெயரை இங்கே கேட்டு வாங்குங்கள். வண்டி ஓட்டுபவர் மட்டும் ருசிக்கக் கூடாது.

இரண்டு பேர்தான் குடிக்கிறோம். பாதி பாட்டில் மிச்சமானால் என்ன செய்வது?
– ஒரு வாசகர், ஆற்காடு

750 மில்லி பாட்டிலில் 150 மில்லியாக ஐந்து கோப்பை. மிச்சத்தை மூடி இறுக்கி, நிற்கவைத்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். ரெட்டாக இருந்தாலும் ஃபிரிட்ஜ்தான். ஒயிட்டும் ரெட்டும் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒரு சின்னப் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடினால் காற்றுக்கு இடம் குறையும், இன்னும் ஒருநாள் கூடும். இந்திய ஒயின்கள் நிறையத் திருகு மூடியில் வருவது இதற்கு ரொம்ப வசதி. நுரைக்கும் ஒயினை மட்டும் அன்றைக்கே முடிக்கிற மாதிரி ஆள் சேர்த்துக்கொண்டு திறங்கள்.